வாரியத்தில் யார் அமரக் கூடாது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் கல்வெட்டைக் காண இன்றும் மாணவர்கள் பேருந்துகளில் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறை என்று பள்ளிப் பாடநூலில் படித்ததை நேரில் காணும் ஆவலோடு வருபவர்களிடம், பானையில் ஓலைகளை இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த கதை சொல்லப்படுகிறது. அவர்களும் மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஓய்வுபெற்றபின் இந்த ஊரிலேயே தங்கிவிட்ட எனக்கு, அந்தக் கல்வெட்டில் பானையைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு பகுதி. யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைவிட யாருடைய பெயரைப் பானையில் இடவே கூடாது என்பதற்குத்தான் அந்தச் சபை அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது. கல்லில் எழுத்து வெட்டுவது செலவும் உழைப்பும் மிகுந்த வேலை. அப்படியிருந்தும் தகுதியின்மைகளை ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் அவர்கள் பட்ட அனுபவம் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்த எண்ணத்தைக் கடலோடு இணைத்துப் பார்க்க வைத்தது ஒரு துயரம். 2021 மே மாதம் டவ்தே புயல் அரபிக் கடலில் வீசியபோது, மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல்களில் பணியாற்றிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவைக் கலம் நங்கூரம் அறுந்து மூழ்கியது. அதனோடு மூழ்கிய இழுவைக் கப்பலையும் சேர்த்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். புயல் எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. மற்ற பல கலங்கள் கரை திரும்பியிருந்தன. அந்த நாள்களில் எங்கள் பகுதிக் கிராமம் ஒன்றில், கடல்மேடைகளில் வெல்டிங் வேலை செய்யும் மகனுடைய தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்த ஒரு தாயைச் சந்தித்தேன். அவருடைய மகன் வேறு கலத்தில் இருந்ததால் பிழைத்தார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “கரைக்குத் திரும்புங்கன்னு சொல்ல வேண்டியவங்க யாருங்க ஐயா?”

பொருளியல் கற்பித்த எனக்கு அதற்கு உடனடியாக விடை சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோதுதான், அந்த விடை எவ்வளவு சிக்கலானது என்று புரிந்தது.

கடலில் எத்தனை எசமானர்கள்?

இந்தியக் கடற்பரப்பில் எண்ணெய், எரிவாயு எடுப்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒரே அமைப்பிடம் இல்லை. 1993-இல் மத்திய அரசின் தீர்மானம் ஒன்றின் மூலம் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் உருவாக்கப்பட்டது. ஒப்பந்தங்களைக் கண்காணிப்பது, வளங்களை முறையாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது, புதிய பகுதிகளை ஏலத்துக்குக் கொண்டுவருவது ஆகியவை அதன் பணிகள். இது பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் வல்லுநர்களில் பலர் எண்ணெய்ப் பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து அயல்பணியில் வருபவர்கள். அயல்பணி முடிந்ததும் தாய் நிறுவனத்துக்கே திரும்புபவர்கள்.

பாதுகாப்பைக் கவனிப்பது 1986-இல் தொடங்கப்பட்ட எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையில் நிகழ்ந்த விபத்தைப் பலர் மறந்திருக்கலாம். காயமுற்ற ஒருவரை மேடைக்கு மாற்ற வந்த உதவிக் கப்பல், எரிவாயு மேலேறும் குழாய்களில் மோதியது. சில மணி நேரத்தில் மேடை முழுவதும் எரிந்து கடலில் விழுந்தது. 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் 2008-இல்தான் கடல்சார் பெட்ரோலியப் பணிகளின் பாதுகாப்புக்கான விதிகள் வந்தன. அவற்றைச் செயல்படுத்தும் அதிகாரம் இந்த இயக்குநரகத்துக்கு வழங்கப்பட்டது.

இந்த இயக்குநரகத்தின் மேல் ஒரு பாதுகாப்புக் கவுன்சில் உண்டு. ஆளுகைக் குழு என்று சொல்லத்தக்கது அதுதான். அதன் தலைவர் பெட்ரோலியத் துறைச் செயலர். அமைச்சகத்தின் இணைச் செயலர்கள், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநர் போன்றோருடன், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளும் அதில் உறுப்பினர்கள். யாருடைய மேடைகளைச் சோதிக்க வேண்டுமோ அவர்களே, சோதிப்பவருக்கு மேலான அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதில் தனிமனிதர் எவரையும் குறை சொல்வது என் நோக்கமன்று. அந்த நிர்வாகிகளில் பலர் நேர்மையானவர்கள், தொழில்நுட்பம் அறிந்தவர்கள். ஆனால் ஓர் அமைப்பை வடிவமைக்கும்போது, அதில் அமர்பவர் நல்லவர் என்ற நம்பிக்கையை அடித்தளமாக வைக்கக் கூடாது என்பது பொருளியலின் பாலபாடம். 1971-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒழுங்காற்று அமைப்புகள் காலப்போக்கில் தாம் ஒழுங்குபடுத்த வேண்டிய தொழிலுக்கே சேவை செய்யத் தொடங்குவதன் காரணத்தை விளக்கியது. இதற்கு லஞ்சம் தேவையில்லை. தொழிலைப் பற்றிய தகவல்கள் தொழிலிடமே இருக்கின்றன. அதிகாரி நாள்தோறும் சந்திப்பது அந்தத் தொழிலின் ஆள்களையே. நாளைய பதவியும் அங்கிருந்தே வரக்கூடும். மறுபக்கத்தில் இருக்கும் தொழிலாளரும் மீனவரும் சிதறிக் கிடப்பவர்கள். அவர்களுக்குக் கூட்டத்துக்கு வரப் பயணப்படிகூடக் கிடையாது.

குழாய்க்கு ஒரு வாரியம், கிணற்றுக்கு?

இந்தியாவில் சட்டப்படியான எண்ணெய் ஒழுங்காற்று வாரியமே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்காற்று வாரியத்துக்குத் தலைவர், சட்ட உறுப்பினர், வேறு மூன்று உறுப்பினர்கள் உண்டு. தேடல் குழு ஒன்று பெயர்களைப் பரிந்துரைக்கிறது. பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள், அல்லது 65 வயது வரை. வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செல்லலாம். குறைகள் இல்லாமல் இல்லை. உறுப்பினர் இருக்கைகள் நிரப்பப்படாமல் காலியாகக் கிடந்த காலமும் உண்டு. எனினும் ஒரு சட்டம், ஒரு தேர்வு முறை, ஒரு காலவரம்பு என்ற அடிப்படைகள் இருக்கின்றன.

ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை சுத்திகரிப்பு, சேமிப்பு, குழாய்வழிப் போக்குவரத்து, நகர எரிவாயு விநியோகம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு உற்பத்தி அதிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளது. ஆபத்து குறைந்த குழாய்க்கு வாரியம் உண்டு, ஆபத்து மிகுந்த ஆழ்கடல் கிணற்றுக்கு இல்லை. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தை 2025-இல் நாடாளுமன்றம் திருத்தியபோது இந்தக் குறையைக் களையும் வாய்ப்பு வந்தது. சிறைத் தண்டனைக்குப் பதிலாக 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று திருத்தப்பட்டது. அதை விதிப்பவர் மத்திய அரசு நியமிக்கும், இணைச் செயலர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. தன்னாட்சி கொண்ட வாரியம் அப்போதும் பிறக்கவில்லை.

அரசு இங்கே பல வேடங்களில் நிற்கிறது. எண்ணெய் வளத்துக்கு உரிமையாளர் அதுவே. ஓஎன்ஜிசியில் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வைத்திருப்பதும், பகுதிகளை ஏலம் விடுவதும், ராயல்டி பெறுவதும் அதுவே. இறுதியில் பாதுகாப்பைச் சோதிப்பதும் அதுவே. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், உற்பத்தியைப் பெருக்கு என்ற அழுத்தம் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கும். அதே மேசையில், இன்று உற்பத்தியை நிறுத்து என்று சொல்ல வேண்டியவரும் அமர்ந்தால் எந்தக் குரல் ஓங்கும்?

பிற நாடுகள் கொடுத்த விலை

இந்த வேடக் குழப்பத்துக்கு உலகம் பெரும் விலை கொடுத்திருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று பிரிட்டனின் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் மாண்டனர். அப்போது எண்ணெய் உற்பத்தியை ஊக்குவித்த எரிசக்தித் துறையே பாதுகாப்பையும் கவனித்தது. விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990-இல் அளித்த அறிக்கையின் 106 பரிந்துரைகளில் ஒன்று, பாதுகாப்புப் பொறுப்பை அந்தத் துறையிடமிருந்து பிரித்து, எல்லாத் தொழில்களின் பாதுகாப்பையும் கவனிக்கும் தனி அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்பது. அவ்வாறே செய்யப்பட்டது. அந்த அமைப்பின் ஆட்சிக் குழுவில் சிலரை வேலையளிப்போர் சங்கங்களைக் கலந்தும், சிலரைத் தொழிலாளர் சங்கங்களைக் கலந்தும் நியமிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. கனிம மேலாண்மைப் பணியகம் என்ற ஒரே அமைப்பு கடற்பகுதிகளைக் குத்தகைக்கு விட்டது, ராயல்டி வசூலித்தது, மேடைகளையும் சோதித்தது. அதன் அலுவலர்கள் எண்ணெய் நிறுவனங்களிடம் பரிசுகளும் விருந்துகளும் பெற்றதை அரசின் தலைமை ஆய்வாளரே 2008-இல் வெளிப்படுத்தினார். 2010-இல் வந்த மற்றோர் அறிக்கை, ஒரு நிறுவனத்தின் மேடைகளைச் சோதித்துக்கொண்டே அதே நிறுவனத்தில் வேலைக்குப் பேச்சு நடத்திய சோதகரைப் பற்றிச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 20-இல் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தது. 11 பேர் இறந்தனர். 87 நாள்கள் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியது. அதன்பின்தான் அந்தப் பணியகம் கலைக்கப்பட்டு, குத்தகை, பாதுகாப்பு, வருவாய் ஆகிய மூன்றும் மூன்று அமைப்புகளாகப் பிரிக்கப்பட்டன.

அரசே எண்ணெய் நிறுவனத்தை நடத்தும் நாட்டில் தன்னாட்சி கொண்ட ஒழுங்காற்று அமைப்பு எப்படிச் சாத்தியம் என்று கேட்போருக்கு நார்வே விடையளிக்கிறது. அங்கேயும் மிகப் பெரிய எண்ணெய் நிறுவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுடையது. 1980-இல் அலெக்சாண்டர் கீலான் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்த சோகத்தை அந்தச் சிறிய நாடு மறக்கவில்லை. 2004-இல் வள மேலாண்மையையும் பாதுகாப்பையும் இரண்டு தனி அமைப்புகளாக்கினார்கள். அரசு, நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் என்ற முத்தரப்பும் பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசும் மன்றங்களையும் வைத்திருக்கிறார்கள்.

பிரிக்கத் தயங்கிய நாடும் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து உறுப்பினர்களை நியமிக்கும் ஒரு கூட்டு வாரியம் 1980-களிலேயே அமைந்தது. கடல்வளத்தில் மாகாணத்துக்கும் இருக்கை உண்டு என்ற அளவில் நாம் கற்க வேண்டிய அமைப்பு அது. 2009-இல் மேடைக்குத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து 17 பேர் இறந்தபின், விசாரணை ஆணையர் ராபர்ட் வெல்ஸ் பாதுகாப்புக்குத் தனி அமைப்பு வேண்டும், இயலாவிட்டால் வாரியத்துக்குள்ளேயே தன்னாட்சியுள்ள பாதுகாப்புப் பிரிவாவது வேண்டும் என்றார். 2025-இல் வாரியத்தின் பெயர் மாறியது, கடற்காற்று மின்சாரமும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. ஆனால் உற்பத்தியும் பாதுகாப்பும் இன்னும் ஒரே கூரையின் கீழ்தான்.

கல்லில் எழுதிய விலக்குகள்

இங்கே மீண்டும் எங்கள் ஊருக்கு வருகிறேன். உத்திரமேரூர்ச் சபை தன் குழுக்களுக்கு வைத்த பெயர் வாரியம். ஆண்டு முழுவதும் பொது நிர்வாகம் பார்க்கச் சம்வத்சர வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், ஏரிக்கு ஏரி வாரியம், பொன்னின் தரம் காணப் பொன் வாரியம். மின்வாரியம், ஒழுங்காற்று வாரியம் என்று இன்று நாம் சொல்லும் அதே சொல். ஏரி வாரியம் என்பது ஒரு பொது வளத்தை மேலாண்மை செய்யும் குழு. பாய்ச்சலுக்கு நீர் யாருக்கு எவ்வளவு, கரை உடையாமல் காப்பது யார் என்ற அதன் கேள்விகள், கடலடி எண்ணெயைப் பற்றிய இன்றைய கேள்விகளுக்கு அந்நியமானவை அல்ல.

உறுப்பினர் ஆவதற்குத் தகுதியாக, வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, கல்வி, காரியத் திறமை, நேர்வழியில் ஈட்டிய பொருள் ஆகியவை சொல்லப்படுகின்றன. அடுத்துத் தகுதியின்மைகள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமா? அவருடைய சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயின் உடன்பிறந்தவன், தந்தையின் உடன்பிறந்தவன், தன் உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன், தந்தை, மகன் என்று கல்வெட்டு ஒவ்வொரு உறவையும் பெயர் சொல்லி விலக்குகிறது. பொறுப்பில் இருக்கும்போது குற்றம் கண்டால் உடனே நீக்கம். பதவிக்காலம் 360 நாள்.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்வு எழும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் தளவாடக் கொள்முதல் குழுவில் இருந்தேன். விலைப்புள்ளி கொடுத்த கடைகளில் ஒன்று குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனருடையது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். விலகியிருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு விதி எதுவும் இல்லை, சொன்னால் அது தனிப்பட்ட பகையாகிவிடும் என்று அஞ்சினேன். அந்தக் கடையே தேர்வாயிற்று, நானும் கையெழுத்திட்டேன். வாங்கிய நாற்காலிகள் இரண்டாம் ஆண்டிலேயே உடைந்தன. விதி எழுதப்பட்டிருந்தால் எவரும் எவரையும் பகைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்காது. கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்து சொல்லத் தயங்குவதைக் கல் சொல்லிவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் உறவுகளைப் பெயர் பெயராக எழுதியதன் பயன் அதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 919-இல் எழுதிய விதிகளை 921-இல் திருத்தியிருக்கிறார்கள். தீயவர்கள் ஒழிந்து நல்லவர்கள் தழைக்கவே இந்தத் திருத்தம் என்று காரணமும் சொல்கிறார்கள். முதல் விதிகளில் இருந்த ஓட்டைகளை இரண்டே ஆண்டுகளில் ஒப்புக்கொண்டு அடைத்த பணிவு அதில் இருக்கிறது.

கல்வெட்டின் குறையும் நம் குறையும்

இந்தப் பெருமையைப் பேசும்போது உண்மையை மறைக்கக் கூடாது. உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம். வேதக் கல்வியும் நில உரிமையும் தகுதியாக வைக்கப்பட்டதால், பானைக்குள் ஓலை செல்ல வாய்ப்பிருந்தது அந்தணர் குலத்து நிலவுடைமை ஆண்களுக்கு மட்டுமே. ஏரியைத் தூர் வாரியவர்களுக்கும், கரையில் மண் சுமந்த பெண்களுக்கும் ஏரி வாரியத்தில் இடமில்லை. கரை உடைந்தால் முதலில் மூழ்குவது எந்தக் குடிசை என்று அறிந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

இதைச் சொல்லிப் பழங்காலத்தைப் பழிப்பது எளிது. ஆனால் இன்றைய பாதுகாப்புக் கவுன்சிலின் பட்டியலைப் பாருங்கள். மிதவைக் கலத்தில் படுத்துறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் இருக்கை உண்டா? கடலில் வலை விரிக்கும் மீனவருக்கு உண்டா? கடற்கரை மாநில அரசுக்கு உண்டா? உத்திரமேரூரின் கண்டிப்பை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் குறையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. இருந்தும் கடல் எங்களுக்குத் தொலைவில் இல்லை. தமிழகக் கடலுக்கும் இது புதிய செய்தி அல்ல. காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பல ஆண்டுகளுக்கு முன்பே கிணறுகள் தோண்டப்பட்டன. பி.ஒய்-1 வயலின் எரிவாயு பிள்ளைபெருமாநல்லூரில் கரையேற்றப்பட்டது. அண்மை ஏலச் சுற்றுகளில் காவிரிப் படுகையின் ஆழ்கடல் பகுதிகளும் இடம்பெற்றன. மன்னார் வளைகுடாவை ஒட்டிய பகுதி பற்றி மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2020-இல் தமிழகச் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியபோது, அந்தச் சட்டம் நிலத்தோடு நின்றது. கடலுக்கு அத்தகைய வேலி ஏதுமில்லை.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அள்ளிக் கரையைச் சுத்தம் செய்த காட்சியை நாம் மறக்கவில்லை. மோதிய கப்பல்களில் ஒன்றின் பெயரில் எங்கள் காஞ்சிபுரம் இருந்தது. அது துரப்பண விபத்தன்று, கப்பல் விபத்து. கசிந்த அளவும் ஆழ்கடல் கிணறு ஒன்று வெடித்தால் வெளியேறக் கூடியதோடு ஒப்பிட முடியாதது. அதற்கே வாளிதான் நம் கையில் இருந்தது.

என்ன செய்யலாம்?

எண்ணெயே எடுக்க வேண்டாம் என்பது என் வாதமன்று. எடுப்பதா வேண்டாமா என்ற விவாதம் தனியே நடக்கட்டும். எடுக்கும்வரை, அதைக் கண்காணிப்பவர் யார் என்பதில் சமரசம் கூடாது.

முதலாவதாக, கடல்சார் எண்ணெய், எரிவாயுப் பாதுகாப்புக்குச் சட்டத்தின் வழியே ஒரு வாரியம் வேண்டும். அது பெட்ரோலிய அமைச்சகத்துக்குக் கீழ்ப்படாமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தன் செலவுக்கு உற்பத்தி மீதான சிறிய தீர்வையிலிருந்து நேரடியாக நிதி பெறலாம்.

இரண்டாவதாக, தகுதியின்மைகளைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். கண்காணிக்கப்படும் நிறுவனத்தின் பணியிலிருப்பவர், அதில் பங்கு வைத்திருப்பவர், அங்கிருந்து விலகி மூன்று ஆண்டுகள் நிறைவடையாதவர் உறுப்பினராகக் கூடாது. உறுப்பினர் பதவி முடிந்தபின் அதே இடைவெளிக்குள் அந்த நிறுவனங்களில் வேலைக்குச் செல்லவும் கூடாது. நெருங்கிய உறவினர் என்றால் யார் யார் என்று, எங்கள் ஊர்க் கல்வெட்டைப் போலவே பெயர் சொல்லி எழுத வேண்டும். ‘நெருங்கிய’ என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தால் அதற்குள் ஒரு குடும்பமே நுழைந்துவிடும்.

மூன்றாவதாக, கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரக் கூடாது என்ற விதி. இங்கே கணக்கு என்பது பணம் மட்டுமன்று. உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையையும், பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்பதையும் குறித்த காலத்துக்குள் வெளியிடாத வாரியத்தின் உறுப்பினர்களுக்கு மறுநியமனம் இல்லை என்று சட்டம் சொல்லட்டும்.

நான்காவதாக, ஒப்பந்தத் தொழிலாளர், மீனவர், கடற்கரை மாநிலம் ஆகிய மூன்று தரப்புக்கும் வாக்குரிமையுள்ள இருக்கைகள் வேண்டும். மீனவர் பிரதிநிதி மீனவர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அமைச்சகத்தால் பொறுக்கப்பட்டவராக இருக்கக் கூடாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஆழ்கடல் துரப்பணம் அறிந்தவர்கள் இந்தியாவில் சில நூறு பேர், அவர்கள் எல்லாரும் எண்ணெய் நிறுவனங்களில் இருக்கிறார்கள், அவர்களை விலக்கினால் அறியாதவர்களின் வாரியமாகிவிடும் என்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் அறிவு வேண்டிய இடம் வேறு, தீர்ப்பு வேண்டிய இடம் வேறு. அறிந்தவர்களை நல்ல ஊதியத்தில் வாரியத்தின் நிரந்தர ஊழியர்களாக்கலாம். திரும்பிச் செல்ல வேண்டிய தாய் நிறுவனம் அவர்களுக்கு இருக்கக் கூடாது என்பதே முக்கியம். நிறுவனத் தலைவர்களைக் கருத்துக் கேட்க அழைக்கலாம். அவர்கள் சொல்லிவிட்டு வெளியேறியபின் முடிவெடுக்கப்படட்டும்.

2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். எங்கள் ஊரார் பெருமைப்பட்டோம். அந்தப் புதிய கட்டடத்தில் எண்ணெய் வயல்கள் சட்டத் திருத்தம் விவாதிக்கப்பட்டபோது, அந்தக் கல்வெட்டின் விலக்குப் பட்டியலை எவரேனும் எடுத்து வாசித்திருந்தால் இன்னும் பெருமைப்பட்டிருப்போம்.

கரைக்குத் திரும்பச் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்ட அந்த அம்மாவின் மகன், இப்போதும் ஆண்டில் எட்டு மாதம் கடல்மேடையில்தான் இருக்கிறார். அடுத்த புயலின்போது அவர் தங்கியிருக்கும் கலத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை ஒரே வாக்கியத்தில் அந்தத் தாய்க்குச் சொல்ல முடிய வேண்டும். இன்று என்னால் முடியவில்லை.

(கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்)